சராசரி மறைத்த மலை

எண்ணும் எழுத்தும் இரு கண்கள் என்றனர் நம் முன்னோர். எழுத்து என்னும் கண்ணைத் திறப்பதற்கு இந்த நாட்டிலே நடைபெற்ற முயற்சிகள் கொஞ்சமா? படிப்பகம் அமைத்தோம்; ஏடு நடத்தினோம்; மாலைநேர மன்றங்களிலே கைந்நாட்டு வைத்தவனைக் கையெழுத்திட வைத்தோம்; நாடக மேடையைக்கூடப் பள்ளிக்கூடமாக்கினோம். நன்று! ஆனால் முன்னோர் முதலாவதாகச் சொன்ன கண் எது? எண்! அந்தக் கண் இன்னும் அரைக்கண்ணாகவே இருக்கிறது. மேடையிலே ஒருவர் ஒரு புள்ளிவிவரத்தை வீசினால் கைதட்டுகிறோம். அந்த எண் எங்கிருந்து வந்தது, யாரை எண்ணி வந்தது, யாரை எண்ணாமல் வந்தது என்று கேட்பதில்லை.

"நாடகம் எழுதுகிறவனுக்கு, மேடையேறிப் பேசுகிறவனுக்குப் புள்ளியியலிலே என்ன வேலை?" என்று கேட்பீர்கள், தோழர்களே! கேட்க வேண்டிய கேள்விதான். கல்லூரிப் படிப்பை முடிக்காமல் வெளியே வந்தவன் நான். சேர்ந்தோர் எத்தனை பேர், முடித்தோர் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் ஒரு கணக்கு எழுதப்படுகிறதல்லவா, அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியிலே நானும் ஓர் ஆள். எண்களுக்கு இடையே விழுந்தவர்களைப் பற்றிப் பேசுவதற்கு எனக்குச் சிறிது உரிமை உண்டு. நிற்க.

இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், கல்வி ஆராய்ச்சிக்கு வேண்டிய புள்ளியியலைக் கற்பது. இடம், கள்ளக்குறிச்சி, அதற்கு மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலை.

சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரு பகுதிகள். சாமையும் தினையும் மரவள்ளியும் விளையும் மண். வாழ்கிறவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டவுடன் கேரளத்தார் என்று எண்ணிவிடாதீர். இவர்கள் தமிழ் பேசும் மலைமக்கள். ஜாகீர்களாக ஆளப்பட்டு வந்த அந்த மலை, ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து அரசின் கைக்கு வந்தது 1976-ஆம் ஆண்டிலே. நாடு விடுதலை பெற்று இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து! சமவெளியிலே இரண்டு தலைமுறை பள்ளிக்கூடம் போய்வந்த பிறகு!

2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சியின் பெயர் நாடெங்கும் ஒலித்தது. எதற்காக? கருணாபுரத்திலே நச்சுச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதற்காக. அந்தத் துயரத்தை அடுத்து, கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து ஒரு வழக்கை எடுத்துக்கொண்டது. மலைக்குச் சாலை உண்டா, மருத்துவம் உண்டா, பள்ளி உண்டா என்ற கேள்விகள் அப்போதுதான் ஊர்வாயில் வந்தன. ஒவ்வொரு நாளும் சாவை எண்ணினோம், தோழர்களே! நேற்று இருபது, இன்று நாற்பது, நாளை எத்தனையோ என்று எண்ணினோம். அதே மலையிலே, பள்ளிக்குச் சேர்ந்து பத்தாம் வகுப்பைத் தொடாமலேயே மறைந்துபோன பிள்ளைகளை எண்ணினோமா?

எண்ணவில்லை. எண்ண மனமில்லாமல் அன்று. எண்ணும் முறையிலேயே ஒரு திரை இருக்கிறது. அந்தத் திரைக்குப் பெயர் சராசரி.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துப் பாருங்கள். தமிழகத்தின் எழுத்தறிவு நூற்றுக்கு 80.09. நெஞ்சு நிமிர்கிறதல்லவா? அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள். தமிழகப் பழங்குடியினரின் எழுத்தறிவு நூற்றுக்கு 54.34. பழங்குடிப் பெண்களை மட்டும் தனியே எடுத்தால் 46.80. அதாவது, ஏழு வயதைக் கடந்த பழங்குடிப் பெண்கள் நூறு பேரிலே ஐம்பத்து மூவர் எழுதப் படிக்க அறியாதவர்கள். நிமிர்ந்த நெஞ்சு இப்போது என்ன சொல்கிறது?

இனி ஒரு சிறு கணக்கு. பழங்குடியினர் தமிழக மக்கள்தொகையில் ஏறத்தாழ 1.1 விழுக்காட்டினர். நாளைக் காலையிலே அவர்கள் அத்தனை பேரும் எழுத்தறிந்தவர்களாகிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாநிலச் சராசரி எவ்வளவு உயரும்? 80-லிருந்து 90-க்கா? 85-க்கா? இல்லை, ஏறத்தாழ அரைப் புள்ளி! 80.09 என்பது 80.6 ஆகும், அவ்வளவே. மாறாக, அவர்களிலே ஒருவர்கூட எழுத்தறியாதவராகப் போய்விட்டால்? சராசரி 79.5-க்கு இறங்கும். ஒரு மக்கள் கூட்டம் முழுவதும் ஒளிபெற்றாலும், முழுவதும் இருளிலே மூழ்கினாலும், மாநிலச் சராசரி என்னும் தராசு ஒரு புள்ளிகூட அசையாது! அப்படியானால், அந்தச் சராசரியை மட்டும் பார்த்துத் திட்டம் தீட்டுகிறவரின் காதிலே மலையின் குரல் எப்படி விழும்?

இன்னொன்றும் கேளுங்கள். 2011-இலே கள்ளக்குறிச்சி என்றொரு மாவட்டமே கிடையாது. விழுப்புரம் மாவட்டத்துக்குள் அடங்கியிருந்தது. 2019 நவம்பர் 26-இல்தான் தனி மாவட்டமாயிற்று. ஆகவே, 34 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட பழைய விழுப்புரத்தின் 71.88 என்ற எழுத்தறிவு விகிதத்துக்குள்ளே கள்ளக்குறிச்சி மறைந்திருந்தது. கள்ளக்குறிச்சிக்குள்ளே கல்வராயன் மலை மறைந்திருந்தது. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் ஒரு பெட்டி! 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடைபெறவில்லை. 2027 மார்ச் முதல் நாளை அடிப்படையாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு என்று 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. முன்னைய கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையே பதினாறு ஆண்டுகள்! 2011-இலே பிறந்த மலைக்குழந்தை பள்ளி வாழ்வையே முடித்துக்கொள்ளும் காலம் அது.

சராசரிக்குள் மறைந்தவர்களைத் தேடுவது நமக்குப் புதிதன்று. 1969-இல் அமைக்கப்பட்டு 1970-இல் அறிக்கை தந்த சட்டநாதன் குழு செய்தது என்ன? பிற்படுத்தப்பட்டோர் என்ற ஒரே தலைப்போடு நின்றுவிடவில்லை. அந்தத் தலைப்பைப் பிரித்து உள்ளே நோக்கியது. சில வகுப்பார்க்கே பெரும்பங்கு போய்ச் சேர்வதையும், பலர் வெறுங்கையோடு நிற்பதையும் எண்களால் காட்டியது. கேட்பதற்கு இனிமையான செய்தியா அது? இல்லை. ஆனால் உண்மை! தலைப்புக்குள் நுழைந்து எண்ணுகிறவனே தனக்கு வேண்டியவர்களுக்கும் கசப்பான உண்மையைச் சொல்ல வல்லவன்.

சராசரியைத் தள்ளிவிட வேண்டுமா? வேண்டாம். அதனோடு இன்னும் ஓர் எண்ணைக் கேட்க வேண்டும். இரண்டு பள்ளிகள், இரண்டிலும் கணக்குப் பாடத்தின் சராசரி மதிப்பெண் 50. முதற் பள்ளியிலே எல்லாரும் 45-க்கும் 55-க்கும் இடையே. மற்றதிலே பாதிப்பேர் 90, பாதிப்பேர் 10. சராசரியின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே! ஆசிரியரின் கண்ணுக்கு ஒன்றாகுமா? மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு தொலைவு சிதறிக் கிடக்கின்றன என்று அளப்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. புள்ளியியலார் அதைத் திட்ட விலக்கம் என்பர். பெயரைக் கேட்டு மிரளாதீர். "சராசரி சரி, சிதறல் எவ்வளவு?" என்று கேட்கத் தெரிந்தால் போதும், பாதிப் புள்ளியியல் வந்துவிட்டது.

மீதிப் பாதியிலே முதன்மையானது, எதிலே எத்தனை என்று கேட்பது. நாடகக்காரன் அல்லவா, ஒரு சிறு காட்சியாகவே தருகிறேன். இடம்: மலையூர் ஒன்றின் திடல். பேச்சாளர் மேடையிலே; எதிரே ஒரு மூதாட்டி.

பேச்சாளர்: பாட்டி, மகிழ்ச்சியான செய்தி! உங்கள் ஊர்ப் பள்ளியிலே பத்தாம் வகுப்புத் தேர்ச்சி நூற்றுக்கு நூறு!

பாட்டி: நல்லது தம்பி. எத்தனை பிள்ளைகள் எழுதினார்கள்?

பேச்சாளர்: பதினெட்டுப் பேர். பதினெட்டுப் பேரும் தேறிவிட்டார்கள்.

பாட்டி: என் பேத்தி ஒன்றாம் வகுப்பிலே சேர்ந்தபோது அவளோடு சேர்த்து முப்பது பிள்ளைகள் இருந்தார்கள், தம்பி. மற்றப் பன்னிரண்டு பேர் எங்கே?

பேச்சாளர்: அவர்கள்... தேர்வு எழுதவில்லை, பாட்டி.

பாட்டி: எழுதாதவர்கள் தேறியவர்களா, தோற்றவர்களா?

பேச்சாளர்: அவர்கள் கணக்கிலே வரமாட்டார்கள்.

பாட்டி: கணக்கிலே வராவிட்டால், அவர்கள் என் ஊரிலேயும் இல்லையா, தம்பி?

காட்சி கற்பனை, எண்களும் கற்பனை. கேள்வி கற்பனை அன்று! எழுதியவர்களை வைத்து வகுத்தால் நூற்றுக்கு நூறு. சேர்ந்தவர்களை வைத்து வகுத்தால் நூற்றுக்கு அறுபது. இரண்டும் பொய்யல்ல, ஆனால் எதைச் சொல்லுகிறோம் என்பதிலேதான் நேர்மை இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு பேரிலே சிலர் வேறு பள்ளிக்கு மாறியிருக்கலாம். சிலர் பெற்றோர் கூலிவேலைக்கு மலையிறங்கியபோது உடன் போயிருக்கலாம். சில பெண்பிள்ளைகளுக்குத் திருமணமே முடிந்திருக்கலாம். எது என்று அறிவதற்கு ஒவ்வொரு பிள்ளையையும் ஆண்டுதோறும் தொடர வேண்டும். தமிழகத்தின் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை, நாம் எமிஸ் என்கிறோமே, அது ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் கொடுத்திருக்கிறது. கருவி இருக்கிறது, கேள்வி கேட்பவர் வேண்டும். பதிவேட்டிலே பெயர் இருக்க, அறுவடைக் காலத்திலே பிள்ளை வேறு மாவட்டத்திலே இருந்தால், அந்தப் பெயர் வருகையா, வெறும் மையா என்று கேட்பவர் வேண்டும்.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். மாதிரி எடுப்பது என்ற புள்ளியியல் முறையை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொன்னதில்லை. வங்கத்து மகலனோபிசு 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய முயற்சியால் 1950-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு பிறந்தது. எல்லா வீட்டையும் தட்டாமல் சில வீடுகளைத் தட்டி நாட்டின் நிலையை அறியலாம் என்று அது காட்டிற்று. ஆனால் சோறு சமைத்த எந்தத் தாயையும் கேளுங்கள், அவர் சொல்வார்: கிளறிவிட்டு எடுத்தால்தான் ஒரு சோறு பதம் காட்டும். இன்னொன்றும் சொல்வார்: ஒரு பானையின் சோறு அடுத்த பானைக்குப் பதம் ஆகாது!

'அசர்' என்னும் கல்விநிலை அறிக்கை 2005 முதல் வெளிவருகிறது. பிள்ளைகளைப் பள்ளியிலே அல்ல, வீட்டிலேயே சென்று சந்தித்து, ஒரு பத்தியைப் படி, ஒரு கழித்தலைப் போடு என்று சோதிக்கும் நல்ல முறை அது. ஒரு மாவட்டத்துக்கு 30 சிற்றூர். ஒவ்வொன்றிலும் 20 வீடு. ஆக 600 வீடு. மாவட்டத்தின் நிலையைச் சொல்வதற்கென வகுக்கப்பட்ட அளவு இது. ஆனால் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலே ஒன்பது ஊராட்சி ஒன்றியங்கள்; அவற்றுள் கல்வராயன் மலை ஒன்று; மக்கள் நெருக்கம் குறைந்த ஒன்றியம். முப்பது ஊர்ச் சீட்டுக் குலுக்கினால் மலையிலே எத்தனை விழும்? ஒன்றோ இரண்டோ. ஒன்றும் விழாமற் போனாலும் வியப்பில்லை. இது ஆய்வாளரின் குற்றம் அன்று. மாவட்டப் பானைக்கு எடுத்த சோற்றைக் காட்டி, மலைப்பானையும் வெந்துவிட்டது என்று நாம் பேசினால், குற்றம் நம்முடையது. மலையின் நிலை தெரிய வேண்டுமானால் மலைக்கென்று தனி மாதிரி எடுக்க வேண்டும்.

அடுத்து, மலைப்பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் நடக்கும் ஓர் அநீதி. தேர்வு முடிவு வந்தவுடன் பள்ளிகளை வரிசைப்படுத்துகிறோம். மேலே இருப்பவர்க்கு மாலை. கீழே இருப்பவர்க்கு விளக்கம் கேட்டு ஓலை! ஒரு கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் தேர்ச்சிபெறும் வாய்ப்பு பத்துக்கு ஒன்பது என்று கொள்வோம். எல்லாப் பள்ளியிலும் ஒரே தரமான ஆசிரியர், ஒரே தரமான படிப்பு. பத்தே பேர் எழுதும் சின்னப் பள்ளியிலே, பத்துப் பேரும் தேறி நூற்றுக்கு நூறு வருவதற்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேலான வாய்ப்பு உண்டு. அதே பள்ளி 80-க்கோ அதற்கும் கீழேயோ விழுவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பும் உண்டு. இருநூறு பேர் எழுதும் நகரத்துப் பள்ளியிலோ இரண்டுமே நிகழாது என்று சொல்லலாம். அது 90-ஐ ஒட்டியே நிற்கும்.

விளைவு? பட்டியலின் உச்சியிலும் சின்னப் பள்ளிகள். அடியிலும் சின்னப் பள்ளிகள்! மலையிலே இருப்பவையோ பெரும்பாலும் சின்னப் பள்ளிகள். சென்ற ஆண்டு மாலை வாங்கிய தலைமையாசிரியர் இந்த ஆண்டு ஓலை வாங்குகிறார். அவர் கற்பித்தலிலே மாற்றம் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு பேரிலே இருவர் தவறினால் 83. அடுத்த ஆண்டு ஒருவர் தவறினால் 92. ஒரே ஒரு பிள்ளையின் காய்ச்சல், எட்டுப் புள்ளிக்கும் மேலாகப் பெருகிப் பள்ளியின் பெயரை ஆட்டி வைக்கிறது! இதற்கு மருந்து என்ன? மூன்று ஆண்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்ப்பது. விழுக்காட்டுக்குப் பக்கத்திலே எழுதியவர் தொகையையும் அச்சிடுவது. இத்தனைக்கும் இத்தனைக்கும் இடையே இருக்கலாம் என்று எல்லை வகுத்துச் சொல்வது.

சின்னத் தொகையை வைத்துக்கொண்டு நேர்மையாக முடிவு கூறுவது எப்படி என்று உலகுக்குக் காட்டியவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். அயர்லாந்தின் டப்ளின் நகரத்துக் கின்னசு மதுவடிப்பாலையிலே பணியாற்றிய வில்லியம் காசெட் என்பவர். ஊழியர் தம் பெயரில் ஆய்வு வெளியிட அந்த ஆலை இசையவில்லை. ஆகவே 1908-இல் அவர் புனைபெயரிலே எழுதினார். என்ன பெயர் தெரியுமா? 'மாணவன்'! இன்று உலகமெங்கும் ஆய்வு மாணவர் போடும் டி-சோதனை அவர் கொடுத்தது. ஆலைத் தொழிலிலே இருந்தவர் தமக்கு வேண்டிய கணக்கைத் தாமே படைத்துக்கொண்டார் என்றால், மலையிலே ஆசிரியத் தொழிலில் இருப்பவர் தமக்கு வேண்டிய கணக்கைக் கற்றுக்கொள்ள முடியாதா?

ஆனால், எப்படிக் கற்பது? இங்கேதான் நம் கல்வியியல் ஆய்வுகளைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டியிருக்கிறது. முந்நூறு மாணவரிடம் ஒரு வினாநிரலைக் கொடுப்பது. ஆண் பெண், நகரம் சிற்றூர், அரசுப் பள்ளி தனியார் பள்ளி என்று பிரிப்பது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சோதனை போடுவது. "குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு" அல்லது "இல்லை" என்று எழுதி, கட்டம் கட்டி, பட்டம் வாங்குவது. இப்படிப்பட்ட ஏடுகள் நூலகங்களிலே அடுக்கடுக்காகத் தூங்குகின்றன! வேறுபாடு எவ்வளவு? ஏன்? அதனால் எந்தப் பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும்? ஏட்டிலே விடை இல்லை. 0.05 என்றோர் எல்லைக்கோடு. அதற்கு இப்புறம் வெற்றி, அப்புறம் தோல்வி. 1925-இல் ரொனால்டு பிசர் எழுதிய நூலின் வழியே பரவிய வழக்கம் அது. அந்தக் கோடு ஒன்றை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர் என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016-இல் அறிக்கை விட்டு எச்சரித்தது. கடவுச்சொல்லாகக் கற்ற புள்ளியியல் கதவைத் திறக்காது. கேள்வியோடு கற்ற புள்ளியியலே திறக்கும்.

கேள்வியோடு தொடங்கிய ஆய்வு எப்படியிருக்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. பெருந்தொற்றுக் காலத்திலே பள்ளிகள் மூடிக்கிடந்தன. 2021 அக்டோபரில், அதே விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்திலே 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கி வைக்கப்பட்டது. மாலை நேரத்திலே தன்னார்வலர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் திட்டம். அதனால் பயன் விளைந்ததா? மேடையிலே கேட்டால், ஆம் என்று ஒரு கூட்டமும் இல்லை என்று ஒரு கூட்டமும் முழங்கும். அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்னும் மூவர் முழங்கவில்லை, அளந்தார்கள்.

தமிழகச் சிற்றூர்களிலே ஏறத்தாழ 19,000 குழந்தைகள். தொற்றுக்கு முன்பே 2019-இல் எடுத்த அளவு அவர்களிடம் இருந்தது. 2021 டிசம்பரில் மீண்டும் அளந்தபோது, 2019-இல் அதே வயதினர் இருந்த நிலையைக் காட்டிலும், கணக்கிலே ஏறத்தாழ 0.7 திட்ட விலக்கமும், மொழியிலே 0.34 திட்ட விலக்கமும் பின்தங்கியிருந்தனர். முன்னர்ச் சிதறலை அளக்கும் கோல் என்றோமே, அந்தக் கோலால் அளந்த தொலைவு இது, சிறு தொலைவன்று. பள்ளி திறந்து ஆறு திங்களுக்குள் அந்த இழப்பிலே மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. மீண்டதிலே ஏறத்தாழ 24 விழுக்காடு மாலை வகுப்பால் வந்தது என்று கணக்கிட்டார்கள்.

இதிலே நாம் கற்க வேண்டியது என்ன? மீண்டது முழுவதும் திட்டத்தால்தான் என்று அவர்கள் சொல்லவில்லை. பள்ளி திறந்ததால் விளைந்தது எவ்வளவு, மாலை வகுப்பால் விளைந்தது எவ்வளவு என்று பிரித்தார்கள். முன்பே அளந்து வைத்திருந்ததால் பிரிக்க முடிந்தது. நாமோ திட்டம் தொடங்கும் நாளிலே அளப்பதில்லை. முடிவிலே அளந்து, உயர்ந்ததெல்லாம் நம்மால் என்கிறோம். சேவல் கூவியதால் பொழுது விடிந்தது என்று எழுதும் கணக்கு அது!

இதே தவறு எதிர்ப்புறமும் நடக்கும். அரசு பழங்குடியினர் உறைவிடப் பள்ளியின் மதிப்பெண் நகரத்துப் பள்ளியைவிடக் குறைவு என்று ஓர் அட்டவணை வருகிறது. "பார்த்தீர்களா, உறைவிடப் பள்ளியே பயனற்றது" என்று ஒரு குரல் எழும்பும். அங்கே சேரும் பிள்ளை யார்? வீட்டிலே முதன்முதலாக எழுத்தைத் தொடும் பிள்ளை. நகரத்துப் பள்ளியின் பிள்ளையோடு அவனை ஒப்பிடுவது ஒப்பீடே அன்று. சேரும்போது எங்கே நின்றான், இப்போது எங்கே நிற்கிறான் என்று பார்ப்பதே ஒப்பீடு. இரண்டும் சேர்ந்து நிகழ்வது வேறு. ஒன்றால் ஒன்று நிகழ்வது வேறு. முன்னதை ஒட்டுறவு என்பர். பின்னதைக் காரணம் என்பர். இந்த இரண்டையும் குழப்புகிறவர் கையிலே மலைப்பள்ளியின் தலைவிதி அகப்பட்டால், பூட்டு ஒன்றே மிஞ்சும்.

சரியாக எடுத்த எண் என்ன செய்யும் என்று அறிய வேண்டுமா? நீட் தேர்வின் விளைவை ஆராய 2021-இல் நீதியரசர் ஏ.கே. இராசன் குழு அமைந்தது. 86,342 பேர் கருத்து அனுப்பினர். கருத்துகள் பெருந்திரள்தான். ஆயினும் வழக்கின் எடை முழுவதும் ஓர் அட்டவணையிலே இருந்தது: தமிழ்வழியில் படித்து மருத்துவக் கல்லூரியிலே சேர்ந்தோர் 2016-17-இல் நூற்றுக்குப் பதினான்குக்கு மேல், நீட் வந்த அடுத்த ஆண்டிலே இரண்டுக்கும் கீழ்! அந்த அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு 2021 செப்டம்பரில் சட்டமன்றம் சட்டமுன்வடிவை நிறைவேற்றிற்று. ஒப்புதல் மறுக்கப்பட்டது. ஆனால், மசோதாவை மறுக்கலாம், தோழர்களே, அட்டவணையை மறுக்க முடியவில்லை. எவரேனும் ஒருவர் ஆண்டுதோறும் பயிற்றுமொழி என்ன, பிறந்த ஊர் எது என்று எழுதி வைத்திருந்ததாலே அந்த அட்டவணை பிறந்தது. கல்வராயன் மலைக்கு அப்படி ஓர் அட்டவணை உண்டா என்பதே என் கேள்வி.

எனவே, இனி நாம் செய்ய வேண்டியது என்ன?

ஒவ்வொரு படிப்பகத்திலும் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஒதுக்குவோம். முதல் ஞாயிறு, விழுக்காடு, எதிலே எத்தனை. இரண்டாம் ஞாயிறு, சராசரியும் சிதறலும். மூன்றாம் ஞாயிறு, மாதிரி. பானையைக் கிளறும் கலை. நான்காம் ஞாயிறு, ஒப்பீடும் காரணமும். ஐந்தாம் ஞாயிறு, கணிப்பொறி. பொருட்செலவு ஆகுமே என்று அஞ்ச வேண்டாம். நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்திலே இராஸ் இகாகா, இராபர்ட் சென்டில்மன் என்னும் இருவர் தொடங்கிய 'ஆர்' என்னும் மென்பொருள், காசில்லாமல் எவரும் எடுத்துக்கொள்ளக் கிடைக்கிறது. உலகப் பேராய்வாளர்கள் கையாளும் கருவி அது. கல்லூரியிலே புள்ளியியல் படிக்கும் நம் இளைஞர்கள் ஆளுக்கு ஐந்து ஞாயிறு தந்தால் போதும். அவர்களுக்கும் அது பாடம்; ஊருக்கும் அது பாடம்.

மலையூர்களிலே பணிபுரியும் தோழர்கள் ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். பிள்ளைகளின் பெயர் வேண்டாம். பெயரை ஊரறிய விரிப்பது அவர்களுக்குத் தீங்கு. எண்கள் போதும். இந்தச் சிற்றூரிலே பள்ளி வயதுப் பிள்ளைகள் எத்தனை? சேர்ந்தோர் எத்தனை? சென்ற திங்கள் நேரிலே வந்தோர் எத்தனை? ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆறுக்குப் போகும்போது நின்றோர் எத்தனை? எட்டிலிருந்து ஒன்பதுக்கு? ஆண் எத்தனை, பெண் எத்தனை? பள்ளிக்கல்வித் துறையின் பள்ளி, பழங்குடியினர் நலத்துறையின் பள்ளி, இரண்டையும் ஒரே தாளிலே எழுதுங்கள். அரசு ஏட்டோடு ஒப்பிட வேண்டுமானால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2027 கணக்கெடுப்பின் முடிவு வரும்போது, மாவட்டத் தொகையோடு நின்றுவிடாமல் மலையூர்களின் தொகையைத் தனியே கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, கடினமான ஒன்று. எண்ணத் தொடங்கினால் நமக்குப் பிடிக்காத எண்ணும் வரும். நாம் ஆதரித்த திட்டம் பயன்தரவில்லை என்று ஒரு கணக்கு வரும். நாம் பெருமைப்பட்ட விழுக்காட்டுக்குள்ளே பன்னிரண்டு பிள்ளைகள் காணாமற் போயிருப்பார்கள். அப்போது என்ன செய்யப் போகிறோம்? ஆட்சியிலே இருப்பவர் யாராயினும், தாளை மடித்து வைப்பது அவர்களுக்கு எளிது. நமக்கு அது தகாது. மாற்றாரின் எண்ணை மட்டும் ஐயுற்று, நம் எண்ணை வணங்குவது பகுத்தறிவு ஆகாது. அதுவும் ஒரு மூடநம்பிக்கைதான்! எண்ணுக்குக் கொடி கிடையாது. எவர் எடுத்தாலும், எப்படி எடுத்தீர்கள் என்ற கேள்விக்கு அது விடை சொல்லியாக வேண்டும்.

அடுத்த முறை நம் மேடையிலே ஒருவர் விழுக்காடு ஒன்றை முழங்கும்போது, கைதட்டுவதற்கு முன் கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, "எத்தனை பேரிலே, ஐயா?" என்று கேட்கட்டும். பேசுகிறவர் நானாக இருந்தாலும் கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு விடையோடு மேடையேறும் பழக்கம் நமக்கு வந்துவிட்டால், சராசரிக்குள் மறைந்து கிடக்கும் மலை, நம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். தெரிந்துவிட்ட பின், அந்த மலையின் பிள்ளைகளை மறந்திருக்க நம்மால் முடியாது.